பணமூட்டையும் பந்தாட்டமும்

கரிசல் காடு கோடையில் எப்படிக் கிடக்கும் என்பதை அந்த வட்டாரத்துத் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாளம் பாளமாக வெடித்த மண். காய்ந்து நிற்கும் பருத்திமார். நீர் வற்றிய கம்மாய். தலைக்கு மேலே ஈவிரக்கமற்ற சூரியன். அந்தக் கோடையில்தான் கோவில்பட்டி நகரம் ஹாக்கிக்காக விழித்தெழுகிறது. தீப்பெட்டி ஆபீசில் வேலை முடித்தவர், பஞ்சாலையில் ஷிப்டு முடித்தவர், கடலைமிட்டாய்க் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டவர் எல்லோரும் கிருஷ்ணா நகர் மைதானத்தை நோக்கி நடக்கிறார்கள். லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்திய ஹாக்கிப் போட்டி நடக்கும் நாட்கள் அவை.

பெரிய அணிகள் வருகின்றன. ரயில்வே வருகிறது, எண்ணெய்க் கம்பெனி வருகிறது, வங்கி வருகிறது, ராணுவம் வருகிறது. கோவில்பட்டி மக்கள் திரண்டு வந்து கை தட்டுகிறார்கள். கோப்பையோ ரயில் ஏறிப் போய்விடுகிறது!

அப்படியொரு மாலையில், மைதானத்துக்கு அருகே தேநீர்க் கடையில், தீப்பெட்டி ஆபீசில் நரைத்துப்போன ஒரு தோழர் என்னைக் கேட்டார்: "அண்ணாச்சி, மட்டை பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது நம்ம தெரு. பையன் பெரிய அணிச் சட்டையைப் போட்டுக்கிட்டு நம்ம ஊருப் பையங்களையே தோக்கடிக்கான். நான் கை தட்டவா, வயிறு எரியவா?"

பக்கத்தில் கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் தலை நிமிர்ந்தார். "இது இங்க மட்டும் இல்ல பெரியப்பா. இங்கிலாந்து கால்பந்துலயும் இதே கதைதான். நாலஞ்சு பணக்கார கிளப்புதான் எல்லாத்தையும் அள்ளுது. இனிமேலும் அப்படித்தான் நடக்கும்னு பேசிக்கிடுதாங்க."

பெரியவர் கேட்டது ஊர்க் கேள்வி. இளைஞர் சொன்னது உலகக் கேள்வி. இரண்டும் ஒன்றுதான். பணம் உள்ளவன்தான் எப்போதும் வெல்வானா? அது இயற்கையின் சட்டமா, மனிதன் போட்ட சட்டமா?

பர்ன்லி என்றோர் ஊர்

இங்கிலாந்தின் வடக்கே பர்ன்லி என்று ஓர் ஊர் உண்டு. பருத்தித் துணி நெய்து பேர் பெற்ற ஊர். ஆலைச் சங்கு ஊதினால் எழுந்து, ஆலைச் சங்கு ஊதினால் உறங்கிய ஊர். 1960-ஆம் ஆண்டு அதன் மக்கள்தொகை ஏறக்குறைய 80 ஆயிரம். நம் கோவில்பட்டி நகரத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 95 ஆயிரம். ஆக, கோவில்பட்டியைவிடச் சற்றே சிறிய ஆலை ஊர்!

அந்தப் பர்ன்லி 1959–60 பருவத்தில் இங்கிலாந்தின் முதல் பிரிவுச் சாம்பியன் ஆயிற்று. லண்டன் மாநகரத்துக் கிளப்புகளையும் மான்செஸ்டர், லிவர்பூல் கிளப்புகளையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, துணி நெய்கிறவர்களின் ஊர் முதலிடத்தில் நின்றது.

அது ஒருமுறை நடந்த அதிசயமா? இல்லை. அந்தப் பத்துப் பருவங்களை எண்ணிப் பாருங்கள். பர்ன்லி, டாட்டன்ஹாம், இப்ஸ்விச், எவர்ட்டன், லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட், மான்செஸ்டர் சிட்டி, லீட்ஸ். 1960 முதல் 1969 வரை பத்துப் பருவங்களில் எட்டுச் சாம்பியன்கள்! இப்ஸ்விச் அதற்கு முந்தின ஆண்டுதான் இரண்டாம் பிரிவிலிருந்து மேலே ஏறி வந்திருந்தது. வந்த ஆண்டே, 1962-ல், பட்டம் வென்றது.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? இரண்டு விதிகள் இருந்தன.

முதல் விதி: நுழைவுக் கட்டண வசூலில் ஒரு பங்கு, விருந்தாளியாக வந்து ஆடும் அணிக்கும் கொடுக்கப்பட வேண்டும். பெரிய ஊர் மைதானத்தில் 50 ஆயிரம் பேர் கூடினால், அந்த வசூலில் சிறிய ஊருக்கும் பங்கு உண்டு. எதிரே ஆட ஆள் இல்லையென்றால் எந்தப் பெரிய கிளப்பும் ஒரு டிக்கெட்டும் விற்க முடியாதல்லவா? ஆட்டம் இருவர் உழைப்பு. ஆகவே வசூலும் இருவருக்கு.

இரண்டாவது விதி: எந்த வீரனுக்கும் வாரத்துக்கு இத்தனை பவுனுக்கு மேல் சம்பளம் தரக்கூடாது என்ற உச்சவரம்பு. கடைசியில் அது வாரத்துக்கு 20 பவுன். எவ்வளவு பணம் வைத்திருந்தாலும், ஒரு பணக்காரக் கிளப் 21 பவுன் தர முடியாது. ஆகவே நல்ல வீரன் சொந்த ஊரிலேயே இருந்தான்.

உச்சவரம்பு யாருக்கு?

இங்கேதான் தோழர்கள் நிதானமாகச் சிந்திக்க வேண்டும்.

"ஆஹா, உச்சவரம்பு இருந்தது, சமத்துவம் இருந்தது, உச்சவரம்பு போனது, சமத்துவம் போனது. ஆகவே வீரர்களின் சம்பளத்தைக் கட்டிப் போடுங்கள்!" என்று சொல்லப் பலர் புறப்படுவார்கள். முதலாளிகள் முதல் வரிசையில் நிற்பார்கள்.

அந்த 20 பவுன் யாருடைய நன்மைக்காக வைக்கப்பட்டது? மைதானம் நிரம்பி வழிந்தது. வசூல் குவிந்தது. அந்தக் கூட்டத்தை இழுத்து வந்த ஆட்டக்காரனோ, ஒப்பந்தம் முடிந்த பிறகும் கிளப் விடுவித்தால் ஒழிய வேறு கிளப்புக்குப் போக முடியாத அடிமைச் சீட்டில் கையெழுத்துப் போட்டிருந்தான். மைதானத்தில் அவன் நாயகன். கிளப் அலுவலகத்தில் அவன் கொத்தடிமை!

அதை எதிர்த்து எழுந்தது அவர்களுடைய தொழிற்சங்கம். ஜிம்மி ஹில் என்ற ஆட்டக்காரர் தலைமை தாங்கினார். வேலைநிறுத்தம் செய்வோம் என்று வீரர்கள் முடிவு எடுத்தார்கள். 1961 ஜனவரியில் உச்சவரம்பு உடைந்தது. அந்த ஆண்டே புல்ஹாம் கிளப்பின் ஜானி ஹெய்ன்ஸ் வாரத்துக்கு 100 பவுன் பெற்றார். 1963-ல் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்ற வீரர் நியூகாசில் கிளப்பின் மீது தொடுத்த வழக்கில், ஒப்பந்தம் முடிந்தவனையும் கட்டிவைக்கும் அந்த முறை தொழில் உரிமைக்கு விரோதமானது என்று நீதிமன்றம் சொல்லிற்று.

இது தொழிலாளியின் வெற்றி. இதை நாம் ஒருநாளும் குறை சொல்ல மாட்டோம். உழைப்பவன் கூலிக்கு விலங்கு மாட்டி, அதற்குச் சமத்துவம் என்று பெயர் வைப்பது நம் வழி அல்ல.

அப்படியானால் தவறு எங்கே நடந்தது? கூலி விலங்கு உடைந்த பிறகு 22 ஆண்டுகள் கழித்து, 1983-ல், பெரிய கிளப்புகள் இன்னொன்றையும் உடைத்தன. வசூலில் விருந்தாளி அணிக்குப் பங்கு தரும் விதியை எடுத்தெறிந்தன. "எங்கள் மைதானத்து வசூல் எங்களுக்கே!" என்றன. 1992-ல் முதல் பிரிவுக் கிளப்புகள் பழைய லீகைவிட்டு வெளியேறிப் பிரீமியர் லீக் என்று தனிக்கடை வைத்தன. தொலைக்காட்சிப் பணத்தைக் கீழ்ப் பிரிவுகளோடு பங்கிடாமல் தாமே எடுத்துக்கொள்ளத்தான் அந்தத் தனிக்கடை.

தொழிலாளி உடைத்தது விலங்கை. முதலாளி உடைத்தது பங்கீட்டை. இரண்டையும் ஒரே தராசில் வைத்துக் குழப்புகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்!

முப்பத்து மூன்றில் இருபத்தொன்பது

விளைவு என்ன? கணக்கைப் பாருங்கள்.

1992–93 முதல் 2024–25 வரை 33 பருவங்கள். பட்டங்கள் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 13, மான்செஸ்டர் சிட்டிக்கு 8, செல்சிக்கு 5, ஆர்சனலுக்கு 3. நான்கு கிளப்புகள் மட்டும் 29 பட்டங்களை எடுத்துக்கொண்டன. லிவர்பூலுக்கு 2. மீதி இரண்டுதான் மற்ற எல்லோருக்கும்! அந்த இரண்டிலும் ஒன்று, 1995-ல் பிளாக்பர்ன் வென்றது. ஜாக் வாக்கர் என்ற உருக்கு வியாபாரியின் பணத்தில் வென்றது. உண்மையில் எளியவர் வென்றது என்று சொல்லத்தக்கது 2015–16-ல் லெஸ்டர் வென்ற ஒன்றே ஒன்று. அது அத்தி பூத்த ஆண்டு.

செல்சி 2003-க்கு முன் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, 1955-ல், லீக் பட்டம் வென்றது. 2003-ல் ரஷ்யக் கோடீஸ்வரர் அப்ரமோவிச் வாங்கினார். அதன் பிறகு ஐந்து பட்டங்கள். மான்செஸ்டர் சிட்டி 1968-க்குப் பிறகு லீக் பட்டத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. 2008-ல் அபுதாபி அரச குடும்பத்து ஷேக் மன்சூர் வாங்கினார். 2012 முதல் 2024-க்குள் எட்டுப் பட்டங்கள். எண்ணெய்க் கிணற்றுக்கும் கோல் கம்பத்துக்கும் இடையே குழாய் போட்டாகிவிட்டது!

மறுமுனையில் யார்? 2023–24-ல் கீழிருந்து ஏறி வந்த மூன்று கிளப்புகளும் அந்த ஆண்டே கீழே தள்ளப்பட்டன. 2024–25-லும் ஏறி வந்த மூன்றும் அப்படியே தள்ளப்பட்டன. அந்த ஆறு கிளப்புகளில் பர்ன்லி இருக்கிறது, இப்ஸ்விச் இருக்கிறது, லெஸ்டர் இருக்கிறது. மூன்றும் ஒரு காலத்துச் சாம்பியன்கள்!

இதில் இன்னொரு வேதனை உண்டு. மான்செஸ்டர் யுனைடெட்டை 1878-ல் தோற்றுவித்தவர்கள் யார்? ரயில்பெட்டிப் பட்டறைத் தொழிலாளர்கள். ஆர்சனலை 1886-ல் தோற்றுவித்தவர்கள் யார்? ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள். பாட்டாளி நட்ட மரம். பழம் தின்பவன் யாரோ!

ஆகவே அந்த இளைஞருக்கு என் பதில் இது: ஆம், விதி மாறாவிட்டால் பணக்கார கிளப்புகளே மறுபடியும் வெல்லும். நடுவில் ஒரு கோப்பை தப்பி விழலாம். 2025-ல் கிரிஸ்டல் பேலஸ் என்ற எளிய கிளப், மான்செஸ்டர் சிட்டியை 1–0 என்று வென்று எப்.ஏ. கோப்பையைத் தூக்கியது. மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு நாள் ஆட்டத்தில் வீரம் வெல்லும். 38 ஆட்டங்கள் நீளும் லீகில், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் விலையுயர்ந்த வீரர்கள் வெல்வார்கள்.

தீக்குச்சி சொல்லும் பாடம்

"விதியை மாற்றினால் பணத்தை வெல்ல முடியுமா? நடக்கிற காரியமா?" என்று கேட்கலாம் சிலர். கோவில்பட்டிக்காரர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது. விடை அவர்கள் சட்டைப் பைக்குள் தீப்பெட்டியாகக் கிடக்கிறது!

1923-ல் சுவீடன் நாட்டுத் தீக்குச்சி ஏகபோகம் இந்தியாவில் கால் ஊன்றியது. விம்கோ என்பது கம்பெனியின் பெயர். 'தீக்குச்சி மன்னன்' என்று உலகம் அழைத்த இவார் குரூகரின் சாம்ராஜ்யம் அது. பணம், இயந்திரம், உலகச் சந்தை எல்லாம் அதனிடம் இருந்தன. ஏறக்குறைய அதே காலத்தில்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுத் திரும்பினார்கள். மழை பொய்த்தால் சோறும் பொய்க்கும் வானம் பார்த்த பூமியில் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று தீப்பெட்டித் தொழில் பரவியது. கை ஒருபுறம், இயந்திரம் மறுபுறம். யார் வெல்வார்கள் என்று அன்று பந்தயம் கட்டியிருந்தால், ஒருவரும் கையின் பக்கம் கட்டியிருக்கமாட்டார்கள்.

ஆனால் கலால் வரியில் ஒரு வேறுபாடு வைக்கப்பட்டது. இயந்திரத்தில் செய்யும் பெரிய ஆலைக்கு அதிக வரி; கையால் செய்யும் சிறு தொழிலுக்குக் குறைந்த வரி. அவ்வளவுதான். அந்த ஒரு விதியின் நிழலில் சிறியவன் நின்றான், வளர்ந்தான், சந்தையைப் பிடித்தான். ஆண்டுகள் செல்லச் செல்ல ராட்சதன் தளர்ந்தான். 2005-ல் விம்கோ ஐ.டி.சி. குழுமத்தின் கைக்குப் போயிற்று.

இயற்கையின் சட்டம் என்றால் அது நடந்திருக்குமா?

ஆனால் கதையைப் பாதியில் நிறுத்தினால் நாம் நேர்மையற்றவர்கள் ஆவோம். அந்த விதி சிறு முதலாளியைக் காத்தது. அவனிடம் வேலை செய்தவரை அது காக்கவில்லை. குச்சி அடுக்கியவை சிறுமிகளின் விரல்கள். விடியுமுன் வண்டி வந்து கிராமத்துக் குழந்தைகளை அள்ளிக்கொண்டு போன காலத்தை இந்த வட்டாரம் மறந்துவிடவில்லை. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. வந்த பிறகும் பல ஆண்டுகள் அந்த அவலம் ஓயவில்லை. ஆகவே தீக்குச்சி சொல்லும் பாடம் இரண்டு. விதி இருந்தால் சிறியவன் பெரியவனை எதிர்த்து நிற்கலாம் என்பது ஒன்று. பங்கீடு முதலாளிகளோடு நின்றுவிட்டால் அடித்தளத்துக்கு எதுவும் வந்து சேராது என்பது மற்றொன்று.

இந்த இரண்டு பாடங்களையும் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் கிருஷ்ணா நகர் மைதானத்துக்கு வருவோம்.

வேலை என்னும் கோப்பை

ரயில்வே அணியும் வங்கி அணியும் ஏன் வெல்கின்றன? ஷேக்குகளைப் போல அவர்கள் பணத்தை வாரி இறைப்பதில்லை. அவர்கள் கொடுப்பது ஒரு காகிதம். வேலை நியமன உத்தரவு!

அந்தக் காகிதத்தின் மதிப்பு கரிசல் காட்டுக் குடும்பத்துக்குத்தான் தெரியும். அம்மா தீப்பெட்டி ஆபீசில், அப்பா மானாவாரிக் காட்டில். பையன் விடியற்காலையில் வெறுங்காலோடு மட்டை பிடித்து ஓடுகிறான். அவன் கண்ணில் கோப்பை இல்லை. மாதா மாதம் வரும் சம்பளம், மருத்துவ வசதி, தங்கைக்குக் கல்யாணம், ஓடு மாற்றிய வீடு இவைதான் இருக்கின்றன. தென்னக ரயில்வேயும், பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையும், இந்தியன் வங்கியும், இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் ஹாக்கி அணிகள் வைத்திருந்ததால் எத்தனையோ ஏழை வீட்டு அடுப்புகள் எரிந்தன.

ஆகவே தேநீர்க் கடைப் பெரியவருக்கு என் பதில்: கை தட்டுங்கள்! ரயில்வே யாருடைய சொத்து? மக்களின் சொத்து. நம் பையன் அந்தச் சட்டையைப் போட்டால், நம் சொத்து நம் பையனுக்குச் சோறு போடுகிறது. அதில் வயிறு எரிய ஒன்றும் இல்லை.

வயிறு எரிய வேண்டிய இடம் வேறு.

ஏர் இந்தியா என்று ஒரு நிறுவனம் நாட்டு மக்களுடையதாக இருந்தது. தன்ராஜ் பிள்ளை போன்ற பெரும் வீரர்களுக்கு அது வேலை கொடுத்து ஆட வைத்தது. 2022 ஜனவரியில் அது டாட்டா கம்பெனியின் கைக்குப் போயிற்று. பொதுத்துறை ஒவ்வொன்றாக விற்கப்படும்போது விமானமும் கட்டடமும் மட்டும் விற்கப்படுவதில்லை. விளையாட்டு வீரனுக்கு ஒதுக்கிய வேலையும் சேர்ந்தே போகிறது. நிரந்தர வேலை இருந்த இடத்தில் ஒப்பந்தச் சம்பளம் வந்தால், காலில் அடிபட்ட அன்றே அந்தப் பையன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வேலை போனால் அணி போகும். அணி போனால் ஏணி போகும்!

ஏணி ஏற்கெனவே செங்குத்தாகத்தான் நிற்கிறது. 1975-ல் கோலாலம்பூரில் இந்தியா உலகக் கோப்பையை வென்றது. மறு ஆண்டு, 1976-ல், மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் செயற்கைத் தரையில் ஹாக்கி நடந்தது. இந்தியாவுக்கு ஏழாவது இடம்! மண்ணில் ஆடிய ஏழை நாடுகளின் காலடியிலிருந்து தரையே உருவப்பட்டது. கோடிக்கணக்கில் பணம் கொட்டினால்தான் அந்தத் தரை. அதற்கு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன் ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் வேறு பீய்ச்ச வேண்டும். சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியே தாமிரபரணித் தண்ணீர் வந்து சேரக் காத்திருக்கும் ஊரில் இது!

அப்படியிருந்தும் கோவில்பட்டியில் அந்தத் தரை வந்தது. அரசு விளையாட்டு விடுதியும் வந்தது. பலன் என்ன? அங்கே பயிற்சி பெற்ற கோவில்பட்டி மாரீஸ்வரனும் அரியலூர் கார்த்தியும் 2022-ல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்தியச் சட்டை அணிந்து ஆடினார்கள். இந்தியா வெண்கலம் வென்றது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சென்னை எழும்பூரில், மலேசியாவை 4–3 என்று வென்று ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பையை எடுத்த அணியிலும் கார்த்தி இருந்தார். பொதுப்பணம் கரிசலில் விழுந்தால் முளைக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஏலக் கூடம்

இப்போது ஹாக்கிக்கும் ஏலக் கூடம் வந்திருக்கிறது. ஹாக்கி இந்தியா லீக் 2013-ல் தொடங்கி 2017-ல் நின்றுபோனது. 2024 அக்டோபரில் மறுபடியும் ஏலம் நடந்தது. ஆண்கள் பிரிவில் எட்டு அணிகள். ஓர் அணிக்கு வீரர் வாங்க 4 கோடி ரூபாய். இந்தியத் தலைவர் ஹர்மன்பிரீத் சிங் 78 லட்சத்துக்கு எடுக்கப்பட்டார். தமிழ்நாட்டின் பெயரிலும் ஓர் அணி நின்றது.

வீரனுக்கு 78 லட்சம் கிடைத்தால் நாம் பொறாமைப்படவில்லை, வாழ்க! ஆனால் ஒன்றைக் கேட்கிறோம். அந்த லீக் ஆண்டுக்குச் சில வாரங்கள். ரயில்வே வேலையோ முப்பது ஆண்டுகள். 2017-ல் லீக் நின்றது; ஏழாண்டு திரும்பவில்லை. அந்த ஏழாண்டில் வீரர்கள் வீட்டு அடுப்பு எதில் எரிந்தது? இலாகா கொடுத்த சம்பளத்தில்! ஏலம் மத்தாப்பு, வேலை குத்துவிளக்கு. மத்தாப்பைக் காட்டிக் குத்துவிளக்கை எடுத்துக்கொண்டு போக விடலாமா?

எட்டு அணிக்கும் ஒரே 4 கோடி என்பது சமத்துவம்போல் தோன்றும். மறுபடியும் வீரனின் கூலிக்குத்தான் உச்சவரம்பு! அணி உரிமையாளருக்கு விளம்பரத்தில் வரும் லாபத்துக்கு உச்சவரம்பு உண்டா?

முதலாளித்துவத்தின் தலைமைக் கோட்டையான அமெரிக்காவையே பார்க்கட்டும். அங்கே அவர்களுடைய கால்பந்து லீக் 1960-களின் தொடக்கத்திலிருந்து நாடு தழுவிய தொலைக்காட்சி வருமானத்தை எல்லா அணிகளுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கிறது. இப்போது 32 அணிகள். பெருநகரமானாலும் சிற்றூரானாலும் ஒரே பங்கு. அங்கேயும் சம்பள வரம்பு உண்டு. ஆனால் அது மொத்த வருமானத்தில் வீரர்களுக்கு எத்தனை பங்கு என்று தொழிற்சங்கத்தோடு பேசி வைக்கும் வரம்பு. சோசலிசம் என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்கும் கோடீஸ்வரர்கள், ஆட்டம் சுவையாக இருக்க வேண்டுமென்றால் பங்கிட்டே தீர வேண்டும் என்று ஒத்துக்கொண்டார்கள்!

ஜெர்மனியைச் சொல்வார்கள் சிலர். அங்கே கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. நல்ல விதி. டிக்கெட் விலை கட்டுக்குள் இருக்கிறது. சாதாரண மனிதன் மைதானத்துக்குள் நுழைய முடிகிறது. ஆயினும் 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 முறை பேயர்ன் மியூனிக்கே வென்றது. உடைமையில் உரிமை மட்டும் போதாது. வருமானத்தில் பங்கும் வேண்டும் என்பதையே அது காட்டுகிறது.

என்ன கேட்கிறோம்?

கோவில்பட்டியின் தெருக் கிளப்புகள் ரயில்வேயை வீழ்த்திக் கோப்பையை வெல்ல வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. வளர்த்தவனுக்குப் பங்கு கேட்கிறோம்.

உலகக் கால்பந்துச் சபையான பிபா ஏழைபங்காளர் சபை அல்ல. ஆயினும் அங்கேகூட ஒரு விதி இருக்கிறது. ஒப்பந்தத்தில் உள்ள வீரனை ஒரு நாட்டுக் கிளப்பிலிருந்து இன்னொரு நாட்டுக் கிளப் விலை கொடுத்து வாங்கினால், அந்த விலையில் 100-க்கு 5 பங்கு, அவனை 12 வயது முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கிளப்புகளுக்குப் போக வேண்டும். சின்னஞ்சிறு ஊர்க் கிளப்பாக இருந்தாலும் போக வேண்டும். அதே நியாயம் ஹாக்கி ஏலத்திலும் வரட்டும். 78 லட்சத்தில் 100-க்கு 5 என்றால் ஏறக்குறைய 4 லட்சம். கோவில்பட்டித் தெருவுக்கு அப்படி ஒரு தொகை வந்தால் எத்தனை மட்டை, எத்தனை பந்து, எத்தனை ஜோடி பூட்ஸ், கோல்காப்பவனுக்கு எத்தனை கவசம்!

பொதுத்துறையிலும் ரயில்வேயிலும் விளையாட்டு வீரர்க்கு உரிய நியமனங்கள் நிரந்தர நியமனங்களாகவே இருக்க வேண்டும். பொதுப்பணத்தில் போட்ட செயற்கைத் தரையில் காலணி இல்லாத பையனுக்கும் கட்டணமின்றி நேரம் ஒதுக்கப்பட வேண்டும். பெரிய போட்டிகளின் விளம்பர வருமானத்தில் ஊர்க் கிளப்புகளுக்கு ஒரு பங்கு எழுத்தில் எழுதப்பட வேண்டும். கருணையாகத் தரும் பரிசு வேண்டாம். உரிமையாகத் தரும் பங்கு வேண்டும்.

யார் கேட்டால் நடக்கும் என்ற சந்தேகமா? 2021 ஏப்ரல் 18 அன்று ஐரோப்பாவின் 12 பணக்கார கிளப்புகள் ஒன்றுகூடி, நிறுவிய கிளப்புகள் ஒருநாளும் கீழே தள்ளப்படாத தனி லீக் அமைப்போம் என்று அறிவித்தன. அவற்றில் ஆறு இங்கிலாந்துக் கிளப்புகள். வங்கிப் பணம் தயார், வழக்கறிஞர் தயார், எல்லாம் தயார். ரசிகர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்தந்தக் கிளப்பின் சொந்த ரசிகர்களே செல்சி மைதான வாசலில் மறித்து நின்றார்கள். மூன்றே நாளில், ஏப்ரல் 20 இரவுக்குள், ஆறு இங்கிலாந்துக் கிளப்புகளும் பின்வாங்கிவிட்டன! அந்தக் கொந்தளிப்பின் தொடர்ச்சியாக 2025-ல் கால்பந்துக்குச் சுதந்திரமான மேற்பார்வை அமைப்பு வைக்கும் சட்டம் பிரிட்டனில் நிறைவேறியது. அது எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பொறுத்திருந்து பார்க்க வேண்டும். ஆனால் பணக்கார கிளப்புகள் 12 கூடி எழுதிய காகிதத்தைத் தெருவில் நின்றவர்கள் கிழித்தார்கள் என்பது மட்டும் வரலாறு.

ஆகவே தோழர்களே, அடுத்த கோடையில் கிருஷ்ணா நகர் மைதானத்துக்குப் போங்கள். நன்றாக ஆடுகிறவன் எந்தச் சட்டை போட்டிருந்தாலும் கை தட்டுங்கள். ஆட்டம் முடிந்ததும் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, கோப்பை யாருக்கு என்ற கேள்வியோடு எழுந்துவிடாதீர்கள். வசூல் யாருக்கு, வேலை எத்தனை பேருக்கு, வளர்த்த தெருவுக்குப் பங்கு எவ்வளவு என்று கேளுங்கள். சங்கத்தில் கேளுங்கள்; நகர்மன்றத்தில் கேளுங்கள்; ஓட்டு வாங்க வருகிறவரிடம் கேளுங்கள்.

பர்ன்லி ஒரு காலத்தில் வென்றது. ஆட்டத்தின் விதி அன்று அதற்கு இடம் வைத்திருந்தது. கரிசலுக்கும் அந்த இடம் வேண்டும்!